டவுன் பஸ் மாதிரி நிற்காமல் கிட்டார் வாசிக்க: தினம் 20 நிமிடப் பயிற்சி

கிட்டார் வாங்கி ஏழெட்டு மாதம் ஆகியிருந்த நேரம். அக்கா மகனின் காதுகுத்துக்கு ஊருக்குப் போனபோது அதையும் தூக்கிக்கொண்டு போனேன். சாப்பாடு முடிந்து எல்லோரும் பாய் விரித்து உட்கார்ந்ததும் சித்தி பாட ஆரம்பித்தார், நான் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்கள்) பிடித்தேன். இரண்டு வரி தாண்டவில்லை. சித்தி பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கிறார். நான் ஒவ்வொரு கார்டுக்கும் நின்று, விரலைத் தேடி வைத்து, அப்புறம் அவரைத் துரத்துகிறேன். மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மாமா சொன்னார்: "என்னடா மாப்ள, ஸ்டாப்புக்கு ஸ்டாப் நிக்கிற டவுன் பஸ் மாதிரி ஓட்டுற?"

வீட்டுக்கு வந்து யோசித்தேன். தினமும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தது உண்மை. ஆனால் தெரிந்த பாட்டின் தொடக்கத்தையே வாசித்திருக்கிறேன். கஷ்டமான இடம் வந்தால் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து. கணக்குப் பார்த்தால் ஏழெட்டு மாதமும் நிற்பதற்குத்தான் நன்றாகப் பயிற்சி எடுத்திருக்கிறேன்.

அதைச் சரிசெய்ய எனக்கு உதவிய பயிற்சிகள்தான் கீழே இருப்பவை. இப்போது எங்கள் குடியிருப்பில் கற்றுக்கொள்ள வரும் இரண்டு மூன்று பேருக்கும் இதையேதான் கொடுக்கிறேன். ஆறு கம்பி அக்கூஸ்டிக் கிட்டார், வலது கையால் மீட்டுபவர் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். தடித்த கம்பி, அதாவது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் இருப்பது, ஆறாவது. மெலிந்தது ஒன்றாவது.

விரலைக் குறை சொல்வதற்கு முன்

முதலில் கிட்டாரைச் சோதியுங்கள். நான் முதலில் வாங்கியதில் கம்பிகள் கிட்டாரின் கழுத்திலிருந்து ரொம்ப உயரத்தில் இருந்தன. கடைக்காரர், "போகப் போகப் பழகிடும்" என்றார். பழகவில்லை. என் விரலில்தான் பலம் இல்லை என்று மாதக்கணக்கில் நம்பிக்கொண்டிருந்தேன். கடைசியில் பழுது பார்க்கும் ஒருவர், கம்பிகள் உட்காரும் அந்த வெள்ளைத் துண்டைக் கொஞ்சம் தேய்த்துக் கொடுத்தார். அரை மணி நேர வேலை.

கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளையும் அவற்றுக்கு இடையிலான கட்டங்களையும் ஃப்ரெட் என்பார்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு அளவு ஸ்கேலை வைத்துப் பாருங்கள். ஆறாவது கம்பியின் அடிப்பகுதிக்கும் ஃப்ரெட் கம்பியின் மேல்பகுதிக்கும் நடுவில் இரண்டரை மில்லிமீட்டர் அளவு இருந்தால் வசதி. நான்கைத் தொட்டால் காட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள். புதுக் கம்பி மாட்டும்போது 10 அல்லது 11 என்று கேட்டு வாங்கலாம். ஒன்றாவது கம்பியின் தடிமன் 0.010 அங்குலம், 0.011 அங்குலம் என்பதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். 12-ஐவிட அழுத்த எளிது. கடலோர ஊர்க்காரர்கள் வாசித்து முடித்ததும் பழைய பனியன் துணியால் கம்பிகளைத் துடைத்து வையுங்கள். வியர்வையும் உப்புக்காற்றும் சேர்ந்தால் கம்பி சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

சுருதி சேர்க்காமல் ஒரு நிமிடம்கூட வாசிக்க வேண்டாம். ஆறிலிருந்து ஒன்றுவரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. ஃபோனில் இலவச ட்யூனர் போதும். சுருதி அதிகமாகிவிட்டால் நேராக அந்த இடத்துக்கு இறக்காதீர்கள். தேவைக்கும் கீழே இறக்கிவிட்டு, அங்கிருந்து மெல்ல மேலே ஏற்றுங்கள். அப்படிச் சேர்த்தால்தான் நிற்கும். அப்புறம் ட்யூனரை மூடிவிட்டுக் காதால் ஒருமுறை சரிபாருங்கள். ஆறாவது கம்பியின் ஐந்தாவது ஃப்ரெட்டும் ஐந்தாவது கம்பியை வெறுமனே மீட்டினால் வரும் ஓசையும் ஒன்று. அடுத்தடுத்த கம்பிகளுக்கும் இதே கணக்கு. மூன்றாவது கம்பியில் மட்டும் நான்காவது ஃப்ரெட். காது பழகுவதற்கு இதைவிட மலிவான பயிற்சி கிடையாது.

எவ்வளவு அழுத்தினால் போதும்?

புதிதாக வருபவர்கள் எல்லோரும் கம்பியை கழுத்தை நெரிப்பது போல அழுத்துகிறார்கள். இந்தச் சின்னச் சோதனையைச் செய்யுங்கள். மூன்றாவது கம்பியில் ஐந்தாவது ஃப்ரெட் மேல் ஆள்காட்டி விரலைச் சும்மா தொட்டு வையுங்கள். அழுத்த வேண்டாம். வலது கையால் மீட்டிக்கொண்டே இருங்கள். 'டப், டப்' என்று செத்த ஓசை வரும். இப்போது மிக மெதுவாக அழுத்தத்தைக் கூட்டுங்கள். கொஞ்ச நேரத்தில் 'கிர்ர்' என்று உரசும். இன்னும் ஒரு துளி கூட்டினால் சுத்தமான ஸ்வரம் வரும். அங்கே நிறுத்துங்கள். அவ்வளவுதான் தேவை. இதுவரை எவ்வளவு பலத்தை வீணாக்கினோம் என்று உங்களுக்கே தெரியும்.

அதே சோதனையை விரலை இரண்டு ஃப்ரெட் கம்பிகளுக்கு நட்ட நடுவில் வைத்து ஒருமுறை செய்யுங்கள், வலப்பக்க ஃப்ரெட் கம்பியை ஒட்டி வைத்து ஒருமுறை செய்யுங்கள். ஒட்டி வைக்கும்போது குறைந்த அழுத்தத்திலேயே ஓசை தெளிந்துவிடும். முதல் வாரம் இதைத் தினமும் ஒரு நிமிடம் செய்தால் கை தானாகக் கற்றுக்கொள்ளும்.

வலி பற்றியும் சொல்லிவிடுகிறேன். விரல்நுனி எரிவது சகஜம், சில வாரங்களில் தோல் தடித்ததும் போய்விடும். குளித்த கையோடு வாசித்தால் தோல் ஊறியிருக்கும், கம்பி வெட்டுவது போல இருக்கும். கொஞ்ச நேரம் கழித்து எடுங்கள். மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் கதை வேறு. உடனே நிறுத்திக் கையை உதறிவிட்டு, உட்காரும் விதத்தைப் பாருங்கள். பெரும்பாலும் கிட்டாரை மல்லாக்கச் சாய்த்து வைத்துக்கொண்டு கழுத்தை எட்டிப் பார்ப்பதால்தான் மணிக்கட்டு மடங்குகிறது.

நான்கு விரல், ஆறு கம்பி

எல்லா ஆசிரியர்களும் கொடுக்கிற பயிற்சி இது. 1-2-3-4 என்பார்கள். முதல் ஃப்ரெட்டில் தொடங்காதீர்கள், அங்கே இடைவெளி அகலம். ஐந்தாவது ஃப்ரெட்டில் ஆள்காட்டி விரல், ஆறில் நடுவிரல், ஏழில் மோதிர விரல், எட்டில் சுண்டு விரல். ஆறாவது கம்பியில் இந்த நான்கையும் வரிசையாக வாசித்துவிட்டு ஐந்தாவது கம்பிக்கு வாருங்கள். இப்படியே ஒன்றாவது கம்பிவரை, பிறகு எட்டிலிருந்து ஐந்துக்குத் திரும்பும் வரிசையில் ஆறாவதுக்குத் திரும்புங்கள். போக 24, வர 24, ஆக மொத்தம் 48 ஸ்வரங்கள். மெட்ரோனோமை (சீராகத் தட்டிக்கொண்டே இருக்கும் தாளக் கருவி) 60-இல், அதாவது நிமிடத்துக்கு 60 தட்டு என்று வைத்து, ஒரு தட்டுக்கு ஒரு ஸ்வரம் என்றால் 48 விநாடியில் முடிந்துவிடும். பிக் (கம்பியை மீட்டும் சின்னத் துண்டு) ஒருமுறை கீழே, ஒருமுறை மேலே என்று மாறி மாறிப் போக வேண்டும்.

வேகத்தை மறந்துவிட்டு இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். ஒன்று, வைத்த விரலை எடுக்காதீர்கள். சுண்டு விரல் எட்டில் இறங்கும்போது மற்ற மூன்றும் கம்பியிலேயே இருக்க வேண்டும். இரண்டு, வேலையில்லாத விரல்கள் எங்கே போகின்றன என்று பாருங்கள். சுண்டு விரல் தேநீர்க் கோப்பை பிடிக்கிற துரை மாதிரி விறைத்து நிற்கும். அதை அதட்ட முடியாது. வேகத்தைக் குறைத்தால்தான் அடங்கும்.

இது சலித்துவிட்டால் வரிசையை மாற்றுங்கள். 1-3-2-4, 1-4-2-3, 2-1-4-3 என்று நான்கு விரலுக்கு மொத்தம் 24 வரிசைகள் உண்டு. நாளைக்கு ஒன்று எடுத்தால் மாதம் கிட்டத்தட்ட ஓடிவிடும். ஆனால் இதையே அரை மணி நேரம் செய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம். மூன்று நிமிடம் போதும். இது பாட்டு இல்லை, கைக்கு எண்ணெய் போடுகிற வேலை.

கார்ட் மாற்றம்: இங்கேதான் நேரத்தைப் போடுங்கள்

டவுன் பஸ் நிற்கிற இடம் இது. என்னிடம் வருபவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு கார்ட் பிடிக்கத் தெரியும். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் போகத்தான் தெரியாது. அதனால் கார்டுகளைத் தனித்தனியாகப் படிக்காமல் ஜோடி ஜோடியாகப் படியுங்கள்.

முதல் ஜோடி, ஈ மேஜரும் ஏ மைனரும். ஈ மேஜருக்கு மூன்றாவது கம்பி முதல் ஃப்ரெட்டில் ஆள்காட்டி, ஐந்தாவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் நடுவிரல், நான்காவது கம்பி இரண்டாவது ஃப்ரெட்டில் மோதிர விரல். இந்த மூன்றையும் அப்படியே அச்சுப் பிசகாமல் ஒரு கம்பி கீழே நகர்த்தினால் ஏ மைனர். ஆள்காட்டி இரண்டாவது கம்பிக்கும், நடுவிரல் நான்காவதுக்கும், மோதிர விரல் மூன்றாவதுக்கும் போகிறது. வடிவம் மாறவே இல்லை.

அடுத்தது ஏ மைனரும் சி மேஜரும். இங்கே ஆள்காட்டியும் நடுவிரலும் இருந்த இடத்திலேயே இருக்கும். மோதிர விரல் மட்டும் ஐந்தாவது கம்பி மூன்றாவது ஃப்ரெட்டுக்குத் தாவும். கவனித்துப் பாருங்கள், பழக்க தோஷத்தில் மூன்று விரலையும் தூக்கிவிடுவீர்கள். தூக்கக் கூடாது.

மூன்றாவது ஜோடி ஜி-யும் டி-யும். ஜி-யை நான்கு விரலால் பிடியுங்கள்: நடுவிரல் ஆறாவது கம்பி மூன்றில், ஆள்காட்டி ஐந்தாவது கம்பி இரண்டில், மோதிர விரல் இரண்டாவது கம்பி மூன்றில், சுண்டு விரல் ஒன்றாவது கம்பி மூன்றில். டி-க்குப் போகும்போது மோதிர விரல் அதே இடத்தில் நங்கூரம் மாதிரி நிற்கும். ஆள்காட்டி மூன்றாவது கம்பி இரண்டுக்கும், நடுவிரல் ஒன்றாவது கம்பி இரண்டுக்கும் வந்தால் முடிந்தது. மூன்று விரல் ஜி கற்றவர்களுக்கு முதலில் எரிச்சலாக இருக்கும். ஒரு வாரம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஜோடியாக இருந்தாலும் செய்முறை இதுதான். கார்டைப் பிடித்து அழுத்துங்கள். விரல்கள் கம்பியில் இருக்கும்போதே அழுத்தத்தை மட்டும் விடுங்கள். மறுபடி அழுத்துங்கள். இப்படி ஐந்து முறை. பிறகு வடிவம் கலையாமல் ஒரு சென்டிமீட்டர் தூக்கி, மூன்று விரலும் ஒரே நேரத்தில் இறங்கும்படி வையுங்கள். ஒவ்வொரு விரலாக வந்து உட்கார்ந்தால் அது பந்தி, கார்ட் இல்லை. இதுவும் ஐந்து முறை.

அதன் பிறகு கடிகாரம். ஒரு நிமிடம் டைமர் வைத்து, இரண்டு கார்டுகளுக்கு நடுவில் எத்தனை முறை மாறுகிறீர்கள் என்று எண்ணுங்கள். ஒரு மாற்றம், ஒரு மீட்டல். அவ்வளவு சுத்தம் வேண்டாம், ஆனால் எல்லா விரலும் அதன் இடத்துக்கு வந்திருக்க வேண்டும். எண்ணிக்கையைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். முதல் நாள் 12 வரும், 15 வரும். பரவாயில்லை. நிமிடத்துக்கு 60 வரும்வரை அந்த ஜோடியை விடாதீர்கள். நிமிடத்துக்கு 80 பீட் ஓடும் பாட்டில் நான்கு பீட்டுக்கு ஒரு கார்ட் என்றால் 20 மாற்றம்தானே, எதற்கு 60 என்று ஒரு பெண் கேட்டார். நல்ல கேள்வி. மாற்றங்கள் 20-தான், ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பீட்டுக்குள், முக்கால் விநாடிக்கும் குறைவாக.

வலது கை நிற்கவே கூடாது

இதை இன்னும் பெரிய எழுத்தில் எழுத முடிந்தால் எழுதுவேன். இடது கை தாமதமானாலும் வலது கை போய்க்கொண்டே இருக்க வேண்டும். கார்ட் சரியாக விழாமல் வெறும் கம்பிகள் ஒலித்தாலும் பரவாயில்லை. கேட்பவருக்குத் தப்பான ஸ்வரம் ஒரு கணம்தான், தாளம் அறுந்தால் பாட்டே அறுந்துவிடும்.

பயிற்சிக்கு இடது கையைக் கம்பிகள் மேல் சும்மா படர வைத்து ஓசையை அடக்குங்கள். இனி கார்ட் கவலை இல்லை. வலது கையை முழங்கையிலிருந்து கடிகார ஊசல் போலக் கீழும் மேலும் ஆட்டுங்கள். வாயால் 'தகதிமி தகஜுணு' சொல்லுங்கள். த, தி, த, ஜு வரும்போது கை கீழே, க, மி, க, ணு வரும்போது மேலே. எட்டு அட்சரம், எட்டு அசைவு. கொஞ்சம் பழகியதும் இரண்டாவது அட்சரமான 'க', ஐந்தாவதான 'த' இரண்டிலும் கம்பியைத் தொடாமல் காற்றில் வீசுங்கள். மற்ற ஆறிலும் தொடுங்கள். கீழ், கீழ்-மேல், மேல்-கீழ்-மேல் என்று எல்லோரும் சொல்லித்தருகிற ஸ்ட்ரம்மிங் இதுதான். படத்தில் அம்புக்குறி பார்த்துப் படித்தால் ஐந்தாவது இடத்தில் கை தடுமாறும். சொல்கட்டில் படித்தால் தடுமாறாது, ஏனென்றால் தொடாத அட்சரத்தையும் வாய் சொல்கிறது, கையும் கூடவே போகிறது.

நம் சினிமாப் பாட்டுகளில் ஏராளமானவை மூன்று மூன்றாகப் போகும். அதற்கு 'தகிட தகிட'. ஒவ்வொரு 'த'-வுக்கும் கீழே அழுத்தி ஒரு மீட்டல், மற்ற இரண்டும் லேசாக.

அப்புறம் இந்த ஸ்ட்ரம்மிங்கோடு ஒரு கார்ட் ஜோடியைச் சேருங்கள், மெட்ரோனோம் 60-இல். கார்ட் மாறும் இடத்துக்கு முந்தைய கடைசி 'ணு'வில் இடது கையை முன்கூட்டியே கிளப்பிவிடலாம். அந்த ஒரு மேல் மீட்டல் வெறும் கம்பியில் விழும். அதைத் தப்பு என்று நினைத்துப் பயந்தேன். நன்றாக வாசிக்கிறவர்களின் கையை உற்றுப் பார்த்தபோதுதான் அவர்களும் அதையே செய்வது தெரிந்தது.

ஒரு ஸ்கேல் போதும், இரண்டு ராகம்

ஸ்கேல், அதாவது ஸ்வர வரிசை, படிக்க ஆசையிருந்தால் ஏ மைனர் பென்டடானிக் என்ற ஐந்து ஸ்வர ஸ்கேலை எடுங்கள். ஆறாவது கம்பியில் 5, 8. ஐந்து, நான்கு, மூன்றாவது கம்பிகளில் 5, 7. இரண்டிலும் ஒன்றிலும் மறுபடி 5, 8. மேலும் கீழுமாக அந்த ஐந்தே திரும்பத் திரும்ப வந்து மொத்தம் 12 இடங்கள். வாசித்துப் பாருங்கள், சுத்த தன்யாசி கேட்கும். இப்போது ஆறாவது கம்பியின் எட்டாவது ஃப்ரெட்டை ஸட்ஜமாக வைத்து அங்கிருந்து அதே ஸ்வரங்களை வாசியுங்கள். மோகனம் வந்து நிற்கும். கர்நாடக சங்கீதம் தெரிந்தவர்கள் கிரக பேதம் என்று உடனே பிடித்துக்கொள்வார்கள். தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைவில்லை.

இதை ஏறி இறங்குவதோடு விட்டுவிடாமல் ஜண்டை வரிசை போல ஒவ்வொரு ஸ்வரத்தையும் இரண்டிரண்டு முறை வாசியுங்கள், முதல் அடி பிக் கீழே, இரண்டாவது மேலே. பாட்டு வகுப்பில் சரளி வரிசையைத் தாளத்தை மாற்றாமல் மூன்று காலத்தில் பாட வைப்பார்களே, அதே முறை இங்கேயும் நன்றாக எடுபடும். மெட்ரோனோம் 60-இல் தட்டுக்கு ஒன்று, அப்புறம் தட்டுக்கு இரண்டு. மூன்றாம் காலமான தட்டுக்கு நான்குக்கு ஆறு மாதம் ஆனாலும் அவசரமில்லை. வேகம் கூட்டும்போது நான்கு நான்கு எண்ணாகக் கூட்டுங்கள்: 60, 64, 68. எங்கே தோள் இறுகுகிறதோ, அதற்கு முந்தைய எண்தான் இன்றைய உங்கள் வேகம்.

பாட்டு வாசிக்கும் விதம்

பாட்டை முதலிலிருந்து தொடங்காதீர்கள். மாட்டிக்கொள்கிற இரண்டு வரியை மட்டும் பிரித்தெடுங்கள். நான் ஐந்து புளியங்கொட்டைகளை இடது தொடைப் பக்கம் வைத்துக்கொள்வேன். அந்த இரண்டு வரி நிற்காமல் சரியாக வந்தால் ஒரு கொட்டை வலப்பக்கம் போகும். ஒருமுறை தவறினாலும் எல்லாம் மறுபடி இடப்பக்கம் வந்துவிடும். நான்காவது கொட்டையில் கை நடுங்கும் பாருங்கள், பரீட்சை மாதிரி. அந்த நடுக்கமும் பயிற்சியில் சேர்த்திதான், நாளைக்கு நாலு பேர் முன்னால் வாசிக்கும்போது வரப்போவது அதுவேதான். பத்து முறை முயன்றும் மூன்று கொட்டை தாண்டவில்லை என்றால் வேகம் அதிகம் என்று அர்த்தம், 10 எண் குறையுங்கள்.

வாரத்துக்கு ஒருமுறை ஃபோனில் பதிவு செய்யுங்கள். உடனே கேட்காமல் மறுநாள் கேளுங்கள். வாசிக்கும்போது காதில் விழாத தயக்கமெல்லாம் அப்போது துல்லியமாகத் தெரியும்.

20 நிமிடத்தை நான் பிரிப்பது இப்படி: சுருதிக்கு 2, விரலுக்கு 3, கார்ட் மாற்றத்துக்கு 6, ஸ்ட்ரம்மிங்குக்கு 4, பாட்டுக்கு 5. ஸ்கேல் படிக்கிற நாளில் விரல் பயிற்சியை விட்டுவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார்ந்து வாரத்தைச் சரிக்கட்ட முடியாது, முயன்று பார்த்து விரல் வீங்கியதுதான் மிச்சம். இன்னொன்று, கிட்டாரைப் பைக்குள் போட்டு அலமாரி மேல் வைக்காதீர்கள். வெயில் படாத இடமாகப் பார்த்து, கண்ணில் படும்படி சுவரில் மாட்டுங்கள்.

எஃப் கார்ட்

இதைக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் முதல் ஃப்ரெட்டில் அடைக்க வேண்டும். நிறையப் பேர் கிட்டாரைக் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதலில் சின்ன எஃப் படியுங்கள்: ஆள்காட்டியை ஒன்று, இரண்டு ஆகிய இரு கம்பிகள் மேல் மட்டும் முதல் ஃப்ரெட்டில் படுக்க வையுங்கள், நடுவிரல் மூன்றாவது கம்பி இரண்டில், மோதிர விரல் நான்காவது கம்பி மூன்றில். ஐந்தையும் ஆறையும் மீட்ட வேண்டாம். பாட்டு நடக்க இது தாராளம்.

முழு வடிவத்தை ஐந்தாவது ஃப்ரெட்டில் பழகுங்கள், அங்கே கம்பி அதிகம் முரண்டு பிடிக்காது. அங்கே அது ஏ மேஜர். ஆள்காட்டி விரலைத் தட்டையாக வைக்காமல் கட்டைவிரல் பக்கம் கொஞ்சம் உருட்டி, எலும்பு இருக்கிற ஓரத்தால் அழுத்துங்கள். தெளிந்ததும் நான்காவது ஃப்ரெட், மூன்று, இரண்டு என்று வாரத்துக்கு ஒன்றாக இறங்குங்கள். நான் முதல் ஃப்ரெட்டுக்கு வந்துசேர நான்கு மாதம் ஆயிற்று. மழை நாளில், கை ஈரமாக இருந்தால், இரண்டாவது கம்பி எனக்கு இன்னும் 'டப்' என்றுதான் கேட்கிறது. சித்தி கண்டுகொள்வதில்லை. அவர் பாடிக்கொண்டே போய்விடுகிறார், நானும் கூடவே போய்விடுகிறேன்.